ஔவைக்கு வயது கூட்டியவர் யார்?

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கதாநாயகி கிழவியாகிவிடுகிறாள். வீட்டில் கல்யாணப் பேச்சு எழுகிறது. பெண் பிள்ளையாரிடம் போய் அழுகிறாள். இளமை போய் முதுமை வருகிறது, கைக்குக் கோல் வருகிறது. திரையில் குசலகுமாரி மறைந்து கே.பி. சுந்தராம்பாள் நிற்கிறார். அதன் பிறகு படம் முழுக்க அந்தக் கிழவிதான் ஊர் ஊராக நடக்கிறாள், பாடுகிறாள், அரசர்களுக்குப் புத்தி சொல்கிறாள். ஜெமினி ஸ்டுடியோவில் எஸ்.எஸ். வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கி, 1953 ஆகஸ்ட் 15 அன்று வெளியான ‘ஔவையார்’ அது.

தமிழ் சினிமாவில் பாடம் சொல்லித்தரும் பெண்களைப் பற்றி எழுதுவதற்காகப் பழைய படங்களைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ரெட்டியார்சத்திரம் வீட்டில் மடிக்கணினியில் இந்தப் படம் ஓடியபோது அத்தையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிறுமியாக இருக்கையில் டூரிங் கொட்டகையில் மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் உட்கார்ந்து பார்த்த படமாம். பிள்ளையார் வரம் கொடுக்கும் இடம் வந்ததும் கேட்டார்: “ஏத்தா, புருசன் வீட்டுல இருந்துக்கிட்டு நாலு பேருக்குப் புத்தி சொல்ல முடியாதாமா? அதுக்குன்னு கெழவியாத்தான் ஆகணுமாக்கும்?”

இந்தக் கேள்வி என் கட்டுரையின் போக்கையே மாற்றிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று ஒரு பெண் சொல்வதும், வீதியில் இறங்கி அரசனுக்கே பாடம் நடத்துவதும் 1953இல் திரையில் காட்டத் துணிச்சல் வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அந்தத் துணிச்சலுக்கு அவள் கொடுக்கும் விலை இளமை. இந்த விலையை நிர்ணயித்தது யார்? வாசனா, சுப்புவா, அவர்களுக்கு முன்னால் வேறு யாருமா?

முதலில் போகவேண்டிய இடத்தில் சந்தேகமே இல்லை. ஔவையார் பெயரில் சங்கப் பாடல்கள் 59 உள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டுவந்தது 1894இல். அதாவது படம் வருவதற்கு 59 ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஔவை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கும் புத்தகத்தில் இருந்தாள்.

அந்தப் பாடல்களில் கிழவியைத் தேடினேன். கோலைத் தேடினேன். நரைமுடியைத் தேடினேன். கிடைத்தது வேறொருத்தி.

புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் அவளைப் பார்த்து, உங்கள் நாட்டில் போர் செய்யத் தக்கவர் இருக்கிறார்களா என்று கேட்கிறான். அவன் அவளை விளிப்பது மைதீட்டிய கண்ணும் ஒளிவிடும் நெற்றியும் உடைய விறலி என்று; விறலி என்றால் ஆடிப் பாடும் பெண். அணிகலன் உண்டு, இடையின் வர்ணனை உண்டு. பாட்டிமாரை யாரும் இப்படி அழைப்பதில்லை. அவள் சொல்லும் பதில் இன்னும் அழகு. கோலால் அடித்தால் சீறி எழும் பாம்பைப் போன்ற இளைஞர்கள் இருக்கிறார்கள். மன்றத்தில் தொங்கும் முழவில் காற்று மோதி ஒலி எழுந்தாலும் போர் வந்துவிட்டது என்று மகிழ்கிற என் தலைவனும் இருக்கிறான் என்கிறாள். பகைவன் முகத்துக்கு நேரே.

95ஆம் பாட்டு, அவளை ஆதரித்த அரசன் அதியமானுக்காகத் தூது போனது. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே வேல்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசி, காவல் வீட்டில் அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வது போல ஆரம்பித்து அவமானப்படுத்தும் இந்தக் கலை எந்த ராஜதந்திரிக்கும் எளிதில் கைவராது. 206இல் அதியமான் வாயிலில் காக்கவைத்ததற்குக் கோபம். வாயிற்காவலனைக் கூப்பிட்டு, உலகம் ஒன்றும் வறண்டுபோகவில்லை, கலை தெரிந்தவளுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டுகிறாள். 235 அவன் இறந்தபின் பாடியது. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் நாங்கள் பாடத் தானும் குடித்து மகிழ்வான் என்று நினைத்து அழுகிறாள். கூடவே, நரந்தம் மணக்கும் கையால் அவன் தன் தலையைத் தடவிக்கொடுத்ததும் நினைவுக்கு வருகிறது.

அரசனோடு சேர்ந்து கள் குடித்த, சம்பளப் பாக்கிக்குச் சண்டை போட்ட, தூது போன இளம் பாடகி. 26 அகப்பாடல்களையும் சேர்த்துப் படித்தால் காமத்தின் எரிச்சலும் ஏக்கமும் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கின்றன. குறுந்தொகை 28இல் தன் வேதனை அறியாமல் தூங்கும் ஊரை முட்டுவேனா தாக்குவேனா என்று குமுறுகிறவள் கோல் ஊன்றிய மூதாட்டி அல்ல.

இவளை வெறும் கற்பனை என்றும் ஒதுக்க முடியாது. 99ஆம் பாட்டில் அதியமான் கோவலூரை அழித்ததைப் பாடுகிறாள். அதே திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் 1981இல் ஒரு தமிழ்-பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகைப்படுக்கையைப் பற்றியது. பாட்டில் மட்டுமே இருந்த பெயர் பாறையிலும் வந்து உட்கார்ந்தது. ஔவையின் பெயர் அதில் இல்லை. ஆனால் அவள் யாரோடு கள் குடித்தாள் என்பதற்குக் கல்லே சாட்சி.

ஆக, 1953இல் சுப்புவின் முன்னால் இரண்டு ஔவைகள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தி புறநானூற்றின் விறலி. இன்னொருத்தி ஆத்திசூடியின் பாட்டி. படம் இரண்டாமவளைத் தேர்ந்தெடுத்தது. அதனால் அவளைத் தேடிக்கொண்டு பின்னால் போனேன்.

ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி நான்கும் சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியவை. மொழியும் யாப்பும் அதைச் சொல்லிவிடும். ஔவை என்ற பெயரில் குறைந்தது இரண்டு மூன்று பேராவது எழுதியிருக்கிறார்கள் என்பதில் தமிழறிஞர்களுக்குள் பெரிய சண்டை இல்லை. ஆனால் ஊர்க்கதைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவளும், கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் மல்லுக்கட்டியவளும், நாவல் மரத்தடியில் மாடு மேய்க்கும் பையனிடம் தோற்றவளும் கதைகளில் ஒரே ஆள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஒரே உடம்பில் வாழவேண்டியிருந்தால் அந்த உடம்பு கிழடாகத்தானே இருக்கும். இதுவே அவள் முதுமைக்கு ஒரு காரணம் என்பது என் சந்தேகம். பல காலத்துப் பாடல்களை ஒருத்தியின் தலையில் ஏற்றியவர்கள், அந்தச் சுமைக்கேற்ற வயதையும் ஏற்றிவிட்டார்கள்.

திண்ணைப் பள்ளிக்கூடம் இன்னொரு காரணம். எழுத்துக் கூட்டப் பழகும் பையன்கள் மனப்பாடம் செய்த முதல் பாடங்களில் ஆத்திசூடியின் 109 அடிகளும் கொன்றைவேந்தனின் 91 அடிகளும் அடக்கம். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண் பிள்ளைகள். சொல்லிக்கொடுத்தவர் ஆண். நடுவில் பெண்ணாக இருந்தது பாடத்தின் குரல் மட்டும். அந்தக் குரல் இளம்பெண்ணுடையதாக இருந்தால் வகுப்பு நடக்குமா? பாட்டியின் குரல் என்றால் யாருக்கும் சங்கடமில்லை.

எவ்வளவு சங்கடமில்லை என்பதற்கு ஆத்திசூடிக்குள்ளேயே ஒரு தடயம் இருக்கிறது. தகர வரிசையில் ஓர் அடி, பெண் சொல்லைக் கேட்டு நடக்காதே என்கிறது. சொல்வது ஒரு பெண்! உரைகாரர்கள் இதை மனைவியின் பேச்சு என்று சுருக்கிக்கொண்டு தப்பிக்கப் பார்த்தார்கள். இப்படிச் சொல்ல வேண்டுமானால் சொல்பவள் பெண் கணக்கிலிருந்து ஏற்கெனவே விலகியிருக்க வேண்டும். பாரதி தன் புதிய ஆத்திசூடியில் இதே தகர வரிசைக்கு வந்தபோது பெண்ணை உயர்த்தச் சொல்லி அடியைத் திருப்பிப் போட்டார். ஔவையின் நூல்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்தான். ஆனாலும் அந்த ஓர் அடியை மட்டும் அவரால் விட்டுவைக்க முடியவில்லை போலும்.

இந்தப் பாட்டி எவ்வளவு காலமாக இருக்கிறாள் என்று பார்க்க, தரங்கம்பாடிக்குப் போகவேண்டும். அங்கே பள்ளிகள் நடத்திய ஜெர்மன் பாதிரியார் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழின் ஏழாம் தொகுதியில், ஔவையின் வாழ்வும் எழுத்தும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தலைப்பிலேயே அவளைத் தமிழ்ப் பெண் தத்துவஞானி என்று குறிப்பிடுகிறார். ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் மொழிபெயர்த்துச் சேர்த்திருக்கிறார். புறநானூறு அச்சேற இன்னும் ஏறக்குறைய 90 ஆண்டுகள் இருந்தன. விறலியை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர் பார்த்தது பள்ளிக்கூடத்து ஔவையை. ஐரோப்பாவுக்கு அறிமுகமானவளும் அவளே. 19ஆம் நூற்றாண்டில் அட்டாவதானம் வீராசாமி செட்டியார் ‘விநோத ரச மஞ்சரி’யில் ஔவை கதைகளைச் சுவையாகத் தொகுத்தபோதும் வீட்டுக்கு வீடு போனவள் இந்தப் பாட்டிதான். உ.வே.சா. ஏடுகளிலிருந்து விறலியை மீட்டுக் கொண்டுவருவதற்குள் ஊர் மனதில் இடம் நிரம்பிவிட்டிருந்தது.

கல்யாணக் கதைகளைப் பிரித்துப் பார்த்தபோது இன்னொரு துப்பு கிடைத்தது. தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்ற ஔவை, கர்ணபரம்பரைக் கதையில் மற்றவர்களுக்குக் கல்யாணம் முடித்துவைக்கிறாள். பாரி இறந்தபின் அநாதைகளான அவன் மகள்கள் அங்கவை, சங்கவையை அவள்தான் திருக்கோவலூரில் கட்டிக்கொடுக்கிறாள், மூவேந்தருக்கும் ஓலை போகிறது. புறநானூற்றில் இந்த வேலை கபிலருடையது. 200, 201, 202ஆம் பாடல்களில் அவர்தான் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு விச்சிக்கோவிடமும் இருங்கோவேளிடமும் போய் நிற்கிறார். ராஜராஜ சோழன் காலத்தில் திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் வெட்டிய கல்வெட்டும், பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்கிறது. பதினோராம் நூற்றாண்டுவரை கபிலரின் பெயரில் இருந்த பொறுப்பு, பிறகு சத்தமில்லாமல் ஔவையின் கைக்கு மாறியிருக்கிறது.

அரசனுக்குத் தூது போனவளைக் கல்யாணத் தூது போகவைத்தார்கள். வீதியில் தனியாகத் திரியும் பெண்ணை ஊர் பொறுத்துக்கொள்ள வேண்டுமானால் அவள் திரிவதற்கு ஊருக்கு வேண்டிய ஒரு காரணம் வேண்டும்.

சினிமாவுக்குத் திரும்புகிறேன். ஜெமினிக்கு முன்பே ஔவை மேடையில் வெற்றி பெற்றிருந்தாள். டி.கே.எஸ். சகோதரர்களின் ‘ஔவையார்’ நாடகத்தில் ஔவையாக நடித்தவர் டி.கே. சண்முகம், ஓர் ஆண். அந்த வேடத்தோடு ‘ஔவை சண்முகம்’ என்ற பெயரும் அவருக்கு நிலைத்துவிட்டது. சென்னையில் லாயிட்ஸ் சாலைக்கு இன்று அந்தப் பெயர்தான். கோலும் நரையும் வந்துவிட்டால் ஆண் நடித்தாலும் ஒன்றுதான், பெண் நடித்தாலும் ஒன்றுதான்.

படம் வெளிவந்தபோது முதலமைச்சர் ராஜாஜி. அவர் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதியது பிற்பாடு வெளியாகி, சினிமா வரலாற்றாளர்களுக்குத் தீராத தீனி ஆகிவிட்டது. இடியும் மின்னலும் வெள்ளமும் கூட்டக் கூச்சலும் அவருக்கு அலுத்துவிட்டன. சண்முகத்தின் நாடகம் இதைவிடப் பல மடங்கு மேல் என்று குறித்திருக்கிறார். இவ்வளவு பணமும் உழைப்பும் போட்ட ஒன்றை வெளிப்படையாக எப்படிக் கண்டிப்பது என்ற தயக்கமும் அதே குறிப்பில் உண்டு. யானைக்கூட்டம் கோட்டையை உடைக்கும் காட்சியை இன்று பார்த்தாலும் வாசனின் தெம்பு புரிகிறது; ராஜாஜியின் அலுப்பும் புரிகிறது. ஆனால் ஔவை ஏன் கிழவியாக வேண்டும் என்று ராஜாஜிக்கும் தோன்றவில்லை.

என் தேடலில் கொஞ்சமும் எதிர்பாராத தடயம் கே.பி. சுந்தராம்பாளின் படப்பட்டியலிலேயே இருந்தது. கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள், உச்சத்தில் இருந்த நாடகப் பாடகி. கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பர் 2 அன்று இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அவர் ஏற்ற வேடங்களைக் கவனியுங்கள். 1935இல் ‘பக்த நந்தனார்’. அதில் அவரே நந்தனார், அதாவது ஆண். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்று நாடே பேசியது. 1940இல் மணிமேகலை, பௌத்தத் துறவி. 1953இல் ஔவை. 1964இல் ‘பூம்புகா’ரில் கவுந்தியடிகள், சமணத் துறவி. ‘திருவிளையாட’லிலும் ‘கந்தன் கருணை’யிலும் மறுபடி ஔவை. 1973இல் காரைக்கால் அம்மையார், கணவன் விலகிப்போனபின் அழகைக் களைந்துவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கியவள்.

ஆண், துறவி, கிழவி, பேய். தமிழ்த் திரையின் மிகக் கம்பீரமான பெண்குரல் கடவுளுக்கே புத்தி சொல்ல உரிமை பெற்றது இந்த நான்கு வேடங்களுக்குள்தான். மனைவியாகவோ காதலியாகவோ, கல்யாணமாகாத சாதாரணப் பெண்ணாகவோ அந்தக் குரலுக்கு அந்த அதிகாரம் கிடைக்கவில்லை. சுந்தராம்பாள் எடுத்துக்கொண்ட உறுதி அவருடைய சொந்தத் துக்கத்தின் விளைவு. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சினிமாவுக்கு அந்த உறுதி எவ்வளவு வசதியாகப் போய்விட்டது! தைப்பூசத்துக்கு ரெட்டியார்சத்திரம் வழியாகப் பழனிக்கு நடக்கும் கூட்டத்துக்கு ஒலிபெருக்கிகள் இன்றும் போடுவது, கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனை ஔவையாக அவர் சமாதானம் செய்யும் பாட்டைத்தான். குமரனுக்கே வாத்தியார். ஆனால் பாட்டி.

இது சினிமாவின் கண்டுபிடிப்பும் அல்ல. அன்றைய வகுப்பறைகளும் அப்படித்தான் இருந்தன. 1886இல் பிறந்து, 11 வயதில் கல்யாணமாகி, சிறுமியாக இருக்கும்போதே கணவனை இழந்த சகோதரி சுப்பலட்சுமி, 1911இல் பி.ஏ. தேறினார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். எழும்பூரில் சில இளம் விதவைகளோடு அவர் தொடங்கிய இல்லம் பிறகு மெரினா கடற்கரை ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் இல்லை. கணவனை இழந்த சிறுமிகளுக்கோ போக்கிடம் இல்லை. இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டார். விதவைகள் படித்து ஆசிரியைகள் ஆனார்கள். கன்னியாஸ்திரிகளையும் சேர்த்துக்கொண்டால், அக்காலத்துப் பெண்குழந்தைகள் கண்ட டீச்சர்களில் கணவனோடு வாழ்ந்தவர்கள் குறைவு. வெள்ளைச் சேலை ஆசிரியைகளைப் பார்த்துப் பழகிய கண்களுக்குச் சுந்தராம்பாளின் ஔவை புதிதாகத் தெரிந்திருக்க முடியாது.

அதே 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவர். அந்த முறையிலிருந்து தப்பிவந்த பெண்குழந்தைகளுக்கு 1930களின் தொடக்கத்தில் ஓர் இல்லம் அமைத்தார். அவர் வைத்த பெயர், அவ்வை இல்லம். ஆடலையும் பாடலையும் பிழைப்பாகக் கொண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் புது வாழ்க்கை தர அவர் தேடிய பெயர், மைதீட்டிய கண்ணோடு பாடிப் பிழைத்த விறலியின் பெயர். அவர் மனதில் இருந்தது பாட்டி என்பதில் சந்தேகமில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு அன்று தேவைப்பட்டதும் அந்தப் பெயரின் மரியாதைதான். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. ஆறே ஆண்டில் வந்த படத்தில், அரசவையில் பாடும் இளம் விறலியை ஒழுக்கம் போதிக்கும் ஆசிரியையாகக் காட்டியிருந்தால் பார்வையாளர்கள் அவளை யாராக எடுத்துக்கொண்டிருப்பார்கள்? வாசன் வியாபாரி. அந்தக் கேள்விக்கு இடமே வைக்கவில்லை.

அன்றைக்கு வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் பக்கத்திலேயே மறுப்பு இருக்கிறது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் சௌந்தரம், சிறுவயதில் மணமாகி இளம்வயதில் கணவனை இழந்தவர். கணவர் மருத்துவர், மதுரையில் பிளேக் நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது அந்நோய்க்கே பலியானார். சௌந்தரம் டெல்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் படித்து மருத்துவரானார். 1940இல் காந்தியின் முன்னிலையில் ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். வைணவ பிராமண வீட்டு விதவை, வேறு மொழிக்காரரை, வேறு சாதிக்காரரை மணந்தார். 1947இல் இருவரும் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் போய் வண்டி மாறினால் எட்டிவிடும் தூரம். கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கவும், குழந்தைகளைப் பேணவும், பாடம் நடத்தவும் அங்கே பயிற்சி தந்தார்கள்.

1952 தேர்தலில் சௌந்தரம் ஆத்தூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். இன்று ரெட்டியார்சத்திரம் ஒன்றியம் அடங்கியிருப்பதும் ஆத்தூர் தொகுதியில்தான். பிறகு 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித்துறைத் துணை அமைச்சரானார். ‘ஔவையார்’ படம் இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் ஓடிய காலத்தில், மறுமணம் செய்துகொண்ட, கணவனோடு வாழ்ந்த, ஊரைக் கூட்டிப் பாடம் நடத்திய ஒரு பெண் கண்முன்னே இருந்தார். அத்தையின் கேள்விக்கு நேரடி விடை அவர். சினிமாதான் அவர் பக்கம் திரும்பவில்லை.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னபோது வேறொரு ஔவையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். செவ்வாய்ப் பிள்ளையார் நோன்பு. ஆடி, தை, மாசிச் செவ்வாய்க்கிழமைகளில் ஊர் உறங்கியபின் பெண்கள் மட்டும் கூடும் விரதம். தப்பினால் தை, மறந்தால் மாசி, அசந்தால் ஆடி என்று சொலவடையே உண்டு. உப்பில்லாத கொழுக்கட்டையை விதவிதமான உருவத்தில் பிடித்து அவிப்பார்கள். ஆண்கள் பார்க்கக்கூடாது, தின்னக்கூடாது. கைக்குழந்தையானாலும் ஆண் என்றால் வெளியேதான். மூத்தவள் ஒருத்தி ஔவையின் கதையைச் சொல்வாள். சில ஊர்களில் இதற்கு ஔவையார் நோன்பு என்றே பெயர். அந்தக் கதை வெளியே போகக்கூடாது என்பது நோன்பின் விதி. எழுத்தில் வந்துவிட்டால் ஆண்களும் படிப்பார்கள் அல்லவா! எனவே அத்தை சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய ஔவைக்கும், நடுராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு பெண்களுக்கு நடத்தும் ஔவைக்கும் பாடத்திட்டம் ஒன்றல்ல. ஏட்டிலும் அச்சிலும் சினிமாவிலும் தேடிக்கொண்டிருந்த நான் இந்த மூன்றாவது ஔவைக்குத் தனிக் கட்டுரை எழுதவேண்டும், எழுத முடிந்தால்.

விறலியை மேடையில் மீட்டவர்கள் பற்றிய கடைசித் தடயம் சென்னையில் இருந்தாலும், அதன் ஒரு நுனி எங்கள் ஒன்றியத்தைத் தொடுகிறது. ரெட்டியார்சத்திரம் வட்டாரத்துக் கன்னிவாடியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கள மையம் இருக்கிறது. விவசாயிகளும் மகளிர் குழுக்களும் அடிக்கடி போய்வரும் இடம். இதே நிறுவனம் 1990களில் பெண்ணிய நாடக முயற்சி ஒன்றுக்கும் இடம் கொடுத்தது. பெயர் ‘மௌனக்குரல்’, வழிநடத்தியவர் அ. மங்கை. பெண்சிசுக் கொலையைப் பற்றிய ‘பச்ச மண்ணு’ நாடகம் அவர்களுடையது.

1998இல் மங்கையின் இயக்கத்தில் ‘ஔவை’ மேடையேறியது. எழுதியவர் கவிஞர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்து, சென்னைப் புதுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர். அந்த நாடகத்தில் பிள்ளையாரின் வரம் இல்லை, கோல் இல்லை. பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போகும் இளம் விறலி வந்தாள். அதியமானோடு நட்பு, கள், போர் பற்றிய கசப்பு, தொண்டைமானின் ஆயுதக் கொட்டில் எல்லாம் வந்தன. இதற்காக இன்குலாப் புதிய ஏடு எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. உ.வே.சா. 1894இல் பதிப்பித்துக் கொடுத்த புறநானூறே போதுமானதாக இருந்தது. கொத்தமங்கலம் சுப்புவுக்கும் வாசனுக்கும் 1953இல் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைத்திருக்கக்கூடிய அதே புத்தகம்.